வியாழக்கிழமை டப்பா

யார் கொடுத்த சாப்பாட்டைப் பற்றியும் அவர் பொத்தாம்பொதுவாகப் பேசியதில்லை. சேவை உதிரியாக வந்திருக்கிறது, ஆனால் தாளித்த கடுகில் பாதி வெடிக்கவில்லை என்பார். கத்திரிக்காய் பதமாக வெந்திருக்கிறது, உப்பு மட்டும் இறக்கிய பிறகு போட்டதுபோல மேலாக நிற்கிறது என்பார். பாராட்டையும் குறையையும் ஒரே குரலில், ரயில் இரைச்சலுக்கு மேலே எங்களுக்குக் கேட்கும் அளவுக்கு மட்டும் சொல்வார். வீட்டுக்குப் போய் விசாரித்தால் அவர் சொன்னது சரியாகவே இருக்கும். ஆமாம், மறந்துபோய் உப்பைக் கடைசியில்தான் போட்டேன் என்று என் உம்மா ஒப்புக்கொள்வாள்.

நாங்கள் அவரை அக்கா என்று கூப்பிட்டோம். அப்போது அவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. மும்பை கோட்டைப் பகுதியில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை. மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்து, கல்யாணத்துக்குப் பிறகு பாண்டுப்பில் குடியேறியவர். இஸ்திரி போட்ட பருத்திப் புடவை, தோளில் ஊக்கு, மழை இல்லாத மாதத்திலும் கையில் குடை. தாணேயிலிருந்து வி.டி. போகும் காலை ஸ்லோ வண்டியில், பெண்கள் பெட்டியில், எங்கள் நால்வரில் அவர்தான் தலைவி. பாண்டுப்பில் ஏறியதும் உட்கார்ந்திருப்பவர்களிடம் யார் எங்கே இறங்குவார்கள் என்று விசாரித்துவிடுவார். காட்கோபரில் எழுபவரின் இடம் விக்ரோலியில் ஏறும் செல்விக்கு. குர்லாவில் எழுபவரின் இடம் சயானில் ஏறும் எனக்கு. மாட்டுங்காவில் ஏறும் வசந்தாவுக்கு எங்கள் மூவரின் பக்கத்தில் நாலாவது ஆளாக ஒண்டிக்கொள்ளும் இடம். இந்த ஏற்பாட்டை எதிர்த்து ஒரு தாணேக்காரி சண்டைக்கு வந்தபோது அக்கா மராத்தியில் பேசியது எங்கள் யாருக்கும் முழுதாகப் புரியவில்லை. அந்தப் பெண் மறுநாளிலிருந்து வேறு பெட்டிக்குப் போய்விட்டாள்.

சாப்பாட்டு முறையும் அக்கா வகுத்ததுதான். திங்கட்கிழமை அவர் கொண்டுவருவார். செவ்வாய் செல்வி, புதன் வசந்தா, வியாழன் நான். வெள்ளிக்கிழமை யாரும் அடுப்போடு மல்லாடக் கூடாது. அன்றைக்கு வறுத்த கடலை. டப்பா மூடிகள்தான் தட்டு. எதிரே உட்கார்ந்து கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருக்கும் மராத்திப் பெண்களுக்கும் ஒரு கரண்டி போகும். தாதரில் கூட்டம் இறங்கியதும் டப்பாவைத் திறந்து, பைகுல்லாவில் செல்வி இறங்குவதற்குள் நாங்கள் சாப்பிட்டு முடித்திருக்க வேண்டும். தாதருக்கு முன்னால் கையை வாய்க்குக் கொண்டுபோக இடம் இருக்காது.

அக்கா மட்டும் ரயிலில் சாப்பிடமாட்டார். பாண்டுப்பில் ஏறியதும் தைராய்டு மாத்திரை போட்டுக்கொள்வார். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். அவருடைய பங்கை அவரே கொண்டுவரும் எவர்சில்வர் கேரியரில் போட்டுக் கொடுத்துவிடுவோம். மறுநாள் காலையில் தீர்ப்பு வரும். திங்கட்கிழமை அவர் கொண்டுவரும் அரிசி உப்புமாவையோ மோர்க்களியையோ நாங்கள் சாப்பிடும்போது எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். செல்வி இரண்டாம் முறை மூடியை நீட்டினால் அவர் முகம் மலரும். "சாப்பிடுடி, சாப்பிடு, கூடவே பண்ணியிருக்கேன்" என்பார். பிறர் சாப்பிடுவதைப் பார்ப்பதில் அவருக்கு இருந்த சந்தோஷம் உண்மையானது. அதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் இல்லை.

நான் சயானில் ஏறினாலும் வீடு தாராவியில். கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த முஸ்லிம் குடும்பம். எங்கள் வீட்டில் கறியோ மீனோ இல்லாமல் அடுப்பு அணையாது. வியாழக்கிழமை முறை எனக்கு விழுந்ததும் உம்மாவிடம் சொன்னேன். உடனே அவள் என் தம்பியைக் கடைக்கு அனுப்பி ஒரு புதுப் பாத்திரமும் கரண்டியும் கத்தியும் வாங்கிவரச் சொன்னாள். அவற்றில் கறி படாது. கழுவும் நாரும் தனி. புதன்கிழமை ராத்திரியிலிருந்து வியாழக்கிழமை டப்பா வீட்டை விட்டுப் போகும்வரை அடுப்பில் மீன் ஏறாது. யாரும் அவளை இதெல்லாம் செய்யச் சொல்லவில்லை.

உம்மாவுக்கு முட்டி வலி. எங்கள் சந்து முனையைத் தாண்டி அவள் வெளியே போய் வருஷக்கணக்காகிவிட்டது. வாப்பா மௌத்தான பிறகு சமையலிலும் பிடிப்பு விட்டுப்போயிருந்தது; இருப்பதைப் பொங்கிவைப்பாள், அவ்வளவுதான். வியாழக்கிழமை டப்பா அவளை மாற்றியது. எலும்பு போடாமல் பருப்புத் தால்சாவுக்கு எப்படி ருசி ஏற்றுவது என்று யோசித்தாள். சுரைக்காய், கத்திரிக்காய், மாங்காய் மூன்றையும் வெவ்வேறு நேரத்தில் போட்டுப் பார்த்தாள். நெய்ச்சோற்றுக்குப் பட்டையைக் குறைத்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் கேள்வி வரும்.

"என்ன சொன்னாவ?"

நான் ஒரு சொல் விடாமல் சொல்வேன். பத்திரிகை வேலையில் வந்த பழக்கம் அது. செய்தித்தாளில் அடுத்தவர் சொன்னதைச் சுருக்கலாம், மாற்றக் கூடாது. உம்மா கேட்டுக்கொண்டு, தன் தரப்பைச் சொல்வாள். அதை நான் திங்கட்கிழமை ரயிலுக்குக் கொண்டுபோவேன். பெருநாளன்று போனில் இருவரும் இரண்டு வார்த்தை பேசிக்கொள்வதைத் தவிர ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ஆனாலும் ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் போன் செய்தால் உம்மா சொல்வாள்: "எனக்கென்ன, பாண்டுப்புல ஒரு சிநேகிதி இருக்காவல்லா."

அந்தச் சிநேகிதியின் தீர்ப்புகளில் ஒன்று மட்டும் உம்மாவுக்குப் புரியவில்லை. தால்சாவுக்கும் புளிக்குழம்புக்கும் கொஞ்சம் வெல்லம் வேண்டும் என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தார். செல்வியின் புளியோதரைக்கும் அதே சிபாரிசு. மாட்டுங்காவில் அப்படித்தான் செய்வார்கள் போல என்று உம்மா ஒரு சிட்டிகை சேர்த்தாள். அக்கா மெச்சினார். அடுத்த வாரம் ஒரு கட்டி. பிறகு அது வியாழக்கிழமையோடு நிற்கவில்லை, வீட்டுக் குழம்புக்கும் வந்துவிட்டது. தம்பி ஒருநாள் தட்டைத் தள்ளிவைத்தான். "இது என்ன உம்மா, குழம்பா பாயசமா?" உம்மா அவனை முறைத்தாள். ருசி தெரிஞ்சவங்க சொல்லுதாவ, நீ தின்னு என்றாள்.

வசந்தாவுக்கு மட்டும் தீர்ப்பு சுருக்கமாக இருக்கும். "நன்னாருந்தது, எங்காத்து மாதிரியே இருந்தது." வெல்லமும் கிடையாது, கடுகும் கிடையாது. இருவர் பேச்சும் ஒன்று, வீட்டுப் பழக்கமும் ஒன்று. அதனால் குறை சொல்ல ஒன்றுமில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். "அது சொந்தக்காரப் பரீட்சை, நமக்குத்தான் கேள்வி கஷ்டம்" என்று செல்வி அக்காவின் முகத்துக்கு நேராகவே கேலி செய்வாள். அக்காவும் சிரிப்பார்.

அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாப்பா இறந்து, நான் திரும்ப வேலைக்குக் கிளம்பிய முதல் நாள், சயானில் வண்டி வந்து நின்றதும் என்னால் ஏற முடியவில்லை. அக்கா பெட்டியிலிருந்து என்னைப் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து இறங்கிவிட்டார். பிளாட்பாரத்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வண்டியாகப் போகவிட்டார். என் கை அவர் கையில் இருந்தது. போகலாமா என்று அவர் கேட்கவில்லை, நான்தான் எழுந்தேன். பிறகு செல்வி சொல்லித்தான் தெரியும், அன்றைக்கு அவருக்கு ஆபீஸில் அரை நாள் லீவு போட்டுவிட்டார்கள்.

தம்பிக்கு அம்பர்நாத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. தாராவி வீட்டைக் காலி செய்துகொண்டு எல்லோரும் அங்கே போவதென்று முடிவானது. அவ்வளவு தூரத்திலிருந்து நான் வேறு வண்டியில்தான் வர வேண்டும். வியாழக்கிழமை டப்பா நின்றுபோகும். உம்மாவுக்கு வேறெதிலும் வருத்தமில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"போறதுக்கு முன்னால அவிய ஒருநாள் நம்ம வீட்டுல வந்து சாப்புடணும். இத்தன நாளும் ஆறிப்போனதத்தான் தின்னுருக்காவ. சுடச்சுட எம் முன்னால உக்காந்து தின்னு, அவிய வாயால சொல்லணும். எனக்கு அதக் கேக்கணும்."

அக்காவிடம் சொன்னேன். உடனே சம்மதித்தார். "உம்மா கூப்பிட்டு வராம இருப்பேனா?" என்றார். வரும் ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாயிற்று. செல்வியும் வருவதாகச் சொன்னாள். வசந்தாவுக்கு அன்றைக்குப் புனேயில் ஏதோ விசேஷம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்திய வியாழனன்று வி.டி.யில் எல்லோரும் இறங்கிய பிறகு பார்த்தால், அக்காவின் பை சீட்டுக்கு மேலே தட்டில் இருந்தது. உள்ளே கேரியர், அதில் உம்மா செய்த தால்சாவும் நெய்ச்சோறும். அவர் கூட்டத்தில் போய்விட்டிருந்தார். போன் எடுக்கவில்லை. அவர் ஆபீஸ் என் ஆபீஸுக்குப் போகும் வழியிலிருந்து அதிக தூரமில்லை. கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று நடந்தேன்.

அக்கா அங்கே இல்லை. வந்ததும் வராததுமாக வேறு கிளைக்கு ஏதோ கூட்டத்துக்கு அனுப்பிவிட்டார்களாம். அவர் மேஜைக்கு எதிர் மேஜையில் செக்ஷன் ஆபீசர் இருந்தார். பருத்த உடம்பு, நரைத்த மீசை, மராத்திக்காரர். நான் பையை நீட்டியதும் அவர் முகம் பிரகாசமானது. எங்கள் பேச்சு இந்தியில் நடந்தது.

"நீங்கள்தான் குருவார்வாலியா?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். மேடத்தின் ரயில் தோழிகள் கொடுக்கும் சாப்பாடு; பெயர் தெரியாததால் கிழமையை வைத்து அடையாளம். செவ்வாய்க்கிழமை வருவது மங்கள்வார்வாலி கைப்பக்குவம், வியாழன் வருவது குருவார்வாலி கைப்பக்குவம். அவர் மனைவிக்கு நாசிக்கில் வேலை. மற்ற நாட்களில் கேண்டீன் சாப்பாடுதான். மேடத்துக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, அதனால் ஆறேழு வருஷமாக இந்த இரண்டு டப்பாவும் தனக்கே வருகிறது என்றார். உங்கள் எல்லோருக்கும் இது தெரியும் என்றல்லவா நினைத்தேன் என்பதுபோல, பேச்சின் நடுவில் என் முகத்தை ஒருமுறை பார்த்தார். ஆனால் பேச்சு நிற்கவில்லை.

"புதன்கிழமை?" என்று கேட்டேன்.

"புதன்கிழமை மேடத்துக்கு உபவாசம். டப்பா வராது."

புதன்கிழமை வசந்தாவின் முறை. அன்றைக்கு மட்டும் அக்கா கேரியரை நீட்டமாட்டார். கைப்பையிலிருந்து ஒரு சின்னச் சம்புடத்தை எடுத்து அதில் வாங்கிக்கொள்வார். நான் எத்தனையோ முறை பார்த்தது. பார்த்ததைத் தவிர வேறொன்றும் செய்யாமல் இருந்தது. வசந்தா வீட்டுச் சாப்பாட்டை அவர் சாப்பிட்டார். செல்வி வீட்டுச் சாப்பாட்டையும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டையும் சாப்பிடவில்லை. விஷயம் அவ்வளவு சுருக்கமானது.

அதற்குள் அந்த மனிதர் கேரியரைத் திறந்து, மேஜை இழுப்பறையிலிருந்து ஸ்பூனை எடுத்துத் தால்சாவில் ஒரு வாய் போட்டுக்கொண்டார். கண்ணை மூடி மென்றார். முன்பெல்லாம் வெல்லமே இருக்காது, மேடத்திடம் சொல்லிச் சொல்லி இப்போது சரியாகிவிட்டது, எங்கள் மராத்திப் பருப்புக் குழம்பு ஆம்டியைப் போலவே இருக்கிறது என்றார். பிறகு இன்னொரு வாய். "கத்திரிக்காய் வெண்ணெய் மாதிரி. மாங்காயை மட்டும் அவசரப்பட்டுப் போட்டுவிட்டார்கள். கரைந்துவிட்டது." அவர் எந்தத் தப்பும் செய்யாதவர். என் உம்மாவின் சமையலை எங்களைவிட ஊன்றிச் சாப்பிட்டவர். நான் வணக்கம் சொல்லிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் உம்மாவிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கையில் இருந்த கீரையை ஆய்ந்து முடித்தாள். பிறகு சொன்னாள்: "ஆபீசுன்னா பங்கு வைக்கத்தான் செய்வாவ. தனியா ஒக்காந்து திங்க முடியுமா? அதுல என்ன குத்தம்?"

வெள்ளிக்கிழமை காலை. அக்கா எனக்குக் குர்லா இடத்தைப் பிடித்துவைத்திருந்தார். "பையைக் கொண்டுவந்து குடுத்தியாமே. தேங்க்ஸ்டி, எனக்கு இந்த மறதி ஜாஸ்தியாயிடுத்து" என்றார். அந்த மனிதர் இவரிடம் எவ்வளவு சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. என் எதிரில் டப்பாவைத் திறந்ததைச் சொல்லியிருக்கமாட்டார். ஏனென்றால் அக்கா என் முகத்தை நேராகப் பார்த்து, வழக்கமான குரலில், தீர்ப்பைச் சொன்னார்.

"உம்மாகிட்ட சொல்லு, கத்திரிக்காய் வெண்ணெய் மாதிரி இருந்தது. மாங்காயைத்தான் அவசரப்பட்டுப் போட்டுட்டா. கரைஞ்சுபோயிடுத்து."

ஒரு சொல் மாறவில்லை. ஸ்பூனோடு அந்த மனிதர் கண்ணை மூடி மென்றது என் கண் முன்னால் வந்தது. நான் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

செல்வியைத் தனியாகப் பிடித்து பைகுல்லா பிளாட்பாரத்தில் சொன்னேன். அவள் அங்கேதான் இறங்குவாள். நானும் கூட இறங்கிவிட்டேன். கேட்டுவிட்டுக் கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். பிறகு, "ஏட்டி, எம் புளியோதரைய இத்தன வருசமா எவனோ ஒரு ஆபீசர் தின்னுருக்கான். சம்பளத்துல பாதிய நல்லெண்ணெய்க்குல்லா குடுத்தேன்" என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். சிரிப்பு வரவில்லை. "அப்பம் ஞாயித்துக்கெழம வருவாவளா?" என்றாள்.

அதுதான் எங்கள் இருவருக்கும் கேள்வி. சாயங்காலம் உம்மாவிடம் அக்கா மாங்காயைப் பற்றிச் சொன்னதைச் சொன்னேன், முந்தின நாள் அந்த மனிதரும் அதே வார்த்தைகளைச் சொன்னதை நினைவுபடுத்தினேன். உம்மா பிடிவாதமாக இருந்தாள். "ரெண்டு பேருக்கும் நாக்குன்னா ஒண்ணுதான. நீ பேப்பர்க்காரி, எதையும் நம்ப மாட்ட. ஞாயித்துக்கெழம வரட்டும். எம் முன்னால ஒக்காந்து சாப்புடுவாவ பாரு."

ஞாயிற்றுக்கிழமை உம்மா விடியுமுன் எழுந்துவிட்டாள். அதற்கு முந்திய இரண்டு நாளும் வீட்டில் கறி கிடையாது. வீட்டைக் கழுவி, மூட்டைகட்டி வைத்திருந்த சாமான்களைச் சுவரோரமாக ஒதுக்கி, நடுவில் புதுப் பாயை விரித்தாள். நெய்ச்சோறு, தால்சா, கத்திரிக்காய்ப் பச்சடி, தேங்காய்ப்பால் ஊற்றிய சேமியாப் பாயசம். மாங்காயை இறக்கும் நேரத்தில் போட்டாள். போடும்போது என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

செல்வி முன்னாலேயே வந்திருந்தாள். அக்கா சொன்ன நேரத்துக்கு வந்தார். எங்கள் சந்தில் இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் திரும்பித்தான் நிற்க வேண்டும். குடையை மடக்கிக்கொண்டு, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சிரித்த முகமாக வந்தார். உம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். உம்மாவுக்குக் கண் கலங்கியது. வீடு குளிர்ச்சியாக இருக்கிறது என்றார், முட்டிக்கு என்ன எண்ணெய் தேய்க்கிறீர்கள் என்று விசாரித்தார். எல்லாம் சரியாக இருந்தது. அவர் தோளில் பெரிய பை ஒன்று இருந்தது.

உம்மா தட்டை வைத்ததும் அக்கா அந்தப் பையைத் திறந்தார். உள்ளேயிருந்து வரிசையாக டப்பாக்கள் வந்தன. எலுமிச்சஞ்சாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல். கூடவே ஒரு தட்டும் ஸ்பூனும்.

"உங்களுக்கு முட்டி வலி, எதுக்கு நின்னு கஷ்டப்படணும்னு எல்லாருக்குமா நானே பண்ணிண்டு வந்துட்டேன். இவ சொன்னா கேக்கமாட்டேள்னு தெரியும்."

உம்மா அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே சட்டிகள் ஆவி பறக்க இருந்தன. "நானும் பண்ணிட்டேனேம்மா" என்றாள்.

"அதுக்கென்ன, எல்லாரும் சாப்பிடுங்கோ. எனக்கு இன்னிக்கு வயிறு சரியில்லை, காரம் மசாலா ஒண்ணும் ஒத்துக்காது." சொல்லிக்கொண்டே தன் தட்டில் எலுமிச்சஞ்சாதத்தைப் போட்டு, பக்கத்தில் வறுவலை வைத்துக்கொண்டார். உம்மாவின் தட்டிலும் செல்வியின் தட்டிலும் என் தட்டிலும் அவரே பரிமாறினார்.

செல்வி வறுவலில் ஒரு துண்டை வாயில் போட்டாள். "அக்கா, இதும் காரமாத்தான் இருக்கு" என்றாள். அக்கா அதைக் கேட்காதவர்போல உம்மாவின் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தார். உம்மா அதைச் சாப்பிட்டாள். விருந்தாளி கொண்டுவந்ததை வேண்டாம் என்று சொல்வது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. பாதியில் கை கழுவிக்கொண்டு எழுந்துபோய், ஒரு கிண்ணத்தில் தால்சாவும் ஸ்பூனும் எடுத்து வந்தாள். முட்டி வலியோடு மெதுவாக அக்காவின் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஒரு வாய். ருசி மட்டும் பாருங்க. மாங்காய இந்தத் தடவ பிந்தித்தான் போட்டேன்."

அக்கா கிண்ணத்தைப் பார்த்தார். "பாத்தாலே தெரியறதேம்மா. பிரமாதமா வந்திருக்கு" என்றார்.

உம்மா ஸ்பூனை நீட்டியபடியே இருந்தாள். தம்பி எழுந்து உள்ளே போய்விட்டான். அக்கா பையிலிருந்து காலிக் கேரியரை எடுத்து உம்மாவின் பக்கமாக நகர்த்தினார். "இதுல போட்டுக் குடுங்கோ. ஆத்துக்குப் போய் ராத்திரி நிதானமா சாப்பிடறேன்."

உம்மா ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தாள். கேரியரை எடுக்கவில்லை. குரலும் உயரவில்லை.

"இல்லம்மா. டப்பால போட்டது போதும். இது எம் முன்னால ஒரு ஆளு ஒக்காந்து திங்கணும்னு பண்ணுனது."

"அப்போ இன்னொரு நாள் வரேன்."

"நாங்க போயிருவோமே" என்றாள் உம்மா. கிண்ணத்தைச் செல்வியின் பக்கம் நகர்த்திவைத்தாள். செல்வி சாப்பிடத் தொடங்கினாள்.

அக்கா தன் தட்டைத் தானே கழுவி, துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார். வாசலில் உம்மாவின் கையை மறுபடியும் பிடித்தார். உம்மா பிடிக்கக் கொடுத்தாள். பார்த்துப் போங்க, சந்துல ஈரமாக் கெடக்கு என்றாள்.

சயான் ஸ்டேஷன்வரை நான் கூடப் போனேன். பாதி வழி நடந்தோம். பிறகு அவரே ஆரம்பித்தார். "உம்மாவுக்கு மனசு கஷ்டமாப் போச்சா?"

"இத்தனை வருஷத்துல ஒரு வாயாவது சாப்பிட்டிருக்கீங்களாக்கா?"

அவர் பொய் சொல்லவில்லை. "இல்லைடி. எறங்காது. சின்ன வயசுலேர்ந்து அப்படியே பழகியாச்சு. வசந்தா ஆத்துது எங்காத்துது மாதிரி, அது பரவால்லை. மத்தது வாய்கிட்டக் கொண்டுபோனா தொண்டை மூடிண்டுடறது. வேண்டாம்னா நீங்கள்ளாம் வருத்தப்படுவேள். கொட்டவும் மனசு வரலை. அவர் ஆசையா சாப்பிட்டார். உங்க யாரையும் நான் ஒருநாளும் கொறைச்சு நெனைச்சதில்லை, தெரியுமோல்லியோ?"

பெஞ்சில் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரும் இவர்தான். அவர் சொன்னதை நம்பினேன். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

பிளாட்பாரத்தில் கூட்டம் குறைவு. தாணே வண்டி வருவதாகப் பலகையில் விளக்கு எரிந்தது. அவர் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, ஒரு ரகசியத்தைச் சொல்வதுபோல என் பக்கம் சாய்ந்தார்.

"ஒண்ணு சொல்றேன், உம்மாகிட்ட சொல்லு. வியாழக்கிழமை டப்பாவைத் திறந்து வாசனை பாக்காம ஒருநாள்கூட அவர்கிட்ட குடுத்ததில்லை. கண்ணைக் கட்டி விட்டாலும் உங்காத்து நெய்ச்சோறு எதுன்னு சொல்லிடுவேன். அது போறாதா?"

"போதாதுக்கா" என்றேன்.

அவர் தலையை ஒருமுறை அசைத்தார். வண்டி வந்தது. பெண்கள் பெட்டி நிற்கும் இடம் அவருக்குத் தெரியும். இரண்டடி தள்ளி நின்று, ஏறிக்கொண்டார்.